கடைக்காரர் ‘உங்களுக்குச் செய்து தர மாட்டேன்’ என்று சொல்லலாமா?

கடை என்னுடையது, போட்ட முதல் என்னுடையது, உழைப்பும் என்னுடையது. யாருக்கு விற்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதையும் நான்தானே முடிவு செய்ய வேண்டும்? கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. சரி, இப்போது மறுபக்கம் வந்து நில்லுங்கள். ஊரில் இருப்பதே ஒரு மருந்துக்கடை. கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களைப் போன்றவர்களுக்கு மருந்து கொடுக்க என் மதம் இடம் தராது” என்கிறார். இதையும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்த இரண்டு நியாயங்களும் அதிகமாக மோதிக்கொண்ட இடம் அமெரிக்கா. அறுபது ஆண்டுகளாக அங்கே மோட்டல் முதலாளி, உணவகக்காரர், புகைப்படக்காரர், கேக் கடைக்காரர், இணையதள வடிவமைப்பாளர் என்று ஒவ்வொருவராக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: ‘என் மனசாட்சி ஒப்பவில்லை’ என்று சொல்லி ஒரு தனியார் வணிகர் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாமா? பதில் மட்டும் வழக்குக்கு வழக்கு மாறுகிறது. மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் செய்தித்தாளில் வரும் இத்தகைய வழக்குகள் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு வணிகர் வாடிக்கையாளரை மறுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. குடித்துவிட்டு வந்தவர், பழைய பாக்கி வைத்தவர், செருப்பும் சட்டையும் இல்லாமல் உள்ளே நுழைந்தவர், ஏன், வெறுமனே பிடிக்காதவர் என்று யாரையும் வெளியே போகச் சொல்லலாம். சட்டம் சொல்வது இவ்வளவுதான்: குறிப்பிட்ட சில காரணங்களுக்காக மட்டும் மறுக்கக் கூடாது. நிறம், இனம், மதம், பிறந்த நாடு என்று அந்தப் பட்டியல் தொடங்கும். பட்டியலில் இல்லாத காரணம் என்றால் வழக்கே நிற்காது. 2018 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில், அன்றைய வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் சாரா சாண்டர்ஸ் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தார். அதிபர் டிரம்ப்பின் கொள்கைகளுக்காக வேலை செய்பவருக்குப் பரிமாற மனம் ஒப்பவில்லை என்று உரிமையாளர் அவரை எழுந்து போகச் சொன்னார். நாடே இரண்டு நாள் கத்தியது. ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. மனசாட்சிக்காக மறுப்பது வலதுசாரிகள் மட்டும் செய்கிற காரியம் அல்ல என்பதற்கும் இது ஓர் உதாரணம்.

மோட்டல் அறையும் பன்றி இறைச்சியும்

பட்டியல் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் ஒரு பழைய விதி உண்டு. வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்துபவர், அறை காலியாக இருந்து, வருபவர் ஒழுங்காகப் பணமும் கொடுத்தால், தங்க இடம் கொடுத்தே ஆகவேண்டும். இருட்டிய பிறகு நடுவழியில் நிற்பவர் வேறெங்கே போவார்? அமெரிக்காவும் இந்த மரபை எடுத்துக்கொண்டது. ஆனால் கறுப்பினத்தவர் விஷயத்தில் மட்டும் அது வசதியாக மறக்கப்பட்டது. காரில் வெளியூர் போகும் கறுப்பினக் குடும்பம் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று சொல்வதற்காகவே விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு கையேடு வெளியிடத் தொடங்கினார். அது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விற்றது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு பெரிய கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. அந்தப் போராட்டம் தென் மாநிலங்கள் எங்கும் பரவியது.

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பகுதி, விடுதி, உணவகம், திரையரங்கு, பெட்ரோல் நிலையம் போன்ற பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. பாலினம் அதில் இல்லை, இன்றுவரை இல்லை. உறுப்பினர்களுக்கு மட்டுமான தனியார் மன்றங்களுக்கு விலக்கு உண்டு. உரிமையாளரும் அதே வீட்டில் வசித்துக்கொண்டு ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத சிறு விடுதிகளுக்கும் விலக்கு உண்டு. சொந்த வாழ்க்கைக்கு நெருங்கிய இடத்தில் சட்டம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

சட்டம் கையெழுத்தான உடனேயே அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் உரிமையாளர் வழக்குப் போட்டார். அவரே வழக்கறிஞர், அவரே வாதாடினார். அவர் வைத்த வாதங்களில் ஒன்றை இன்று படித்தால் நம்ப முடியாது. கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்கும்படி என்னைக் கட்டாயப்படுத்துவது, அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தடைசெய்கிற கட்டாய ஊழியம் ஆகும் என்றார். அடிமைகளை விடுவிக்க வந்த திருத்தத்தை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதிராகவே தூக்கிப் பிடித்தார்! 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளுபடி செய்தது.

மதத்தைக் காரணம் காட்டிய வழக்கு தென் கரோலினாவிலிருந்து வந்தது. ‘பிக்கி பார்க்’ என்ற பெயரில் பன்றி இறைச்சி பார்பிக்யூ கடைகள் நடத்தியவர், இனங்கள் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு எதிரானது என்று தன் மதம் சொல்வதாகவும், ஆகவே கறுப்பினத்தவருக்குத் தன் கடையில் பரிமாற முடியாது என்றும் வாதிட்டார். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை, உண்மையாகவே அப்படி நம்பியவர்கள் அன்று ஏராளம். கீழ் நீதிமன்றம் சொன்னது இதுதான்: உங்கள் நம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை, ஆனால் மற்றக் குடிமக்களின் உரிமையை மிதித்துக்கொண்டு அதை நடத்திக்காட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. 1968-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது இந்த வாதம் ஓர் அடிக்குறிப்போடு முடிந்துபோனது. பொருட்படுத்தவே தகாதது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம்பிக்கை உண்மையானதா என்பதை நீதிமன்றம் விசாரிக்கவில்லை. உண்மையாகவே இருந்தாலும் செல்லாது என்றது. 1990-இல் இது இன்னும் தெளிவானது. அமெரிக்கப் பழங்குடியினரின் வழிபாட்டில் பயன்படும் பெயோட்டி என்ற போதைக் கள்ளியை உட்கொண்டதற்காக ஆரிகனில் இருவர் வேலை இழந்தார்கள். அந்த வழக்கில், எல்லோருக்கும் பொதுவாக, எந்த மதத்தையும் குறிவைக்காமல் போடப்பட்ட சட்டத்திலிருந்து மதத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால்தான் பின்னால் வந்த கேக் கடைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் ‘மதச் சுதந்திரம்’ என்பதோடு ‘பேச்சுச் சுதந்திரம்’ என்ற கதவையும் சேர்த்துத் தட்டினார்கள்.

ஆளையா, வாசகத்தையா?

மறுப்பது ஓர் ஆளையா, அல்லது ஒரு வாசகத்தையா? ஏறக்குறைய எல்லா வழக்குகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன. இதை மிகத் தெளிவாகக் காட்டும் இரண்டு வழக்குகள் அமெரிக்காவில் அல்ல, பிரிட்டனில் நடந்தன.

கார்ன்வால் கடற்கரையில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி சிறிய தங்கும் விடுதி நடத்தினார்கள். மணமானவர்களுக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்கள் வைத்திருந்த விதி. 2008-இல் இரண்டு ஆண்கள் வந்தார்கள். சட்டப்படி பதிவு செய்துகொண்ட இணையர். அறை மறுக்கப்பட்டது. மணமாகாத ஆணும் பெண்ணும் வந்திருந்தாலும் மறுத்திருப்போம் என்றார்கள் விடுதிக்காரர்கள். அது உண்மையும்கூட. ஆனால் அன்று பிரிட்டனில் இரண்டு ஆண்கள் திருமணம் செய்துகொள்ளவே வழி இல்லை. நிறைவேற்ற முடியாத நிபந்தனையைப் போட்டு மறுப்பது ஆளையே மறுப்பதுதான். 2013-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் விடுதிக்காரர்கள் தோற்றார்கள், ஐந்து நீதிபதிகளும் அவர்களுக்கு எதிராக நின்றார்கள்.

அடுத்தது பெல்ஃபாஸ்ட். 2014-இல் ஒருவர் ஆஷர்ஸ் என்ற கேக் கடையில் ஒரு கேக் கேட்டார். அதன்மேல் ‘தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்’ என்று எழுதித் தர வேண்டும். விலை 36 பவுண்டு 50 பென்ஸ். பணத்தை வாங்கிக்கொண்ட கடை, பிறகு தொலைபேசியில் அழைத்து, இந்த வாசகத்தை எழுத எங்கள் நம்பிக்கை இடம் தரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கீழ் நீதிமன்றங்களில் கடை தோற்றது, 500 பவுண்டு இழப்பீடு. ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் கடையின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதிய லேடி ஹேல் ஒன்றும் பழமைவாதி அல்ல, கார்ன்வால் விடுதிக்காரர்களுக்கு எதிரான தீர்ப்பை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் காட்டிய காரணம் எளிது. இதே வாசகத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் கடை மறுத்திருக்கும். வந்தவர் யார் என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பவில்லை, தாங்கள் நம்பாத ஒரு கருத்தைத் தங்கள் கையால் எழுத மறுத்தார்கள்.

இரண்டு தீர்ப்புகளும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றை ஒன்று வெட்டவும் இல்லை. தி.மு.க.காரர் ஒருவர் நடத்தும் அச்சகத்தில் அ.தி.மு.க.வுக்கு ஓட்டுக் கேட்கும் சுவரொட்டி அடித்துத் தா என்று வற்புறுத்த முடியுமா? முடியாது என்போம். அதே அச்சகக்காரர், அ.தி.மு.க.காரர் வீட்டுக் கல்யாணம் என்பதற்காகப் பத்திரிகை அடிக்க மறுத்தால் நமக்கு உறுத்தும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எழுத்தும் இல்லாமல், வெறும் பொருளாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் வேலைகளில். கல்யாண கேக், கல்யாணப் புகைப்படம், மணமேடைப் பூ அலங்காரம். செய்பவர் அதைத் தன் கலை என்கிறார். வாங்குபவருக்கு அது ஒரு சேவை.

கொலராடோவிலிருந்து இரண்டு வழக்குகள்

2012 ஜூலையில் கொலராடோ மாநிலம் லேக்வுட்டில் உள்ள மாஸ்டர்பீஸ் கேக் கடைக்கு ஓர் ஆண் இணை வந்தது. திருமணம் மாசசூசெட்ஸில், விருந்து கொலராடோவில். ஏனென்றால் கொலராடோவில் அன்று அத்தகைய திருமணம் செல்லாது. கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ், பிறந்தநாள் கேக், குக்கீ, பிரவுனி எது வேண்டுமானாலும் தருகிறேன், தன்பாலினத் திருமணத்துக்குக் கல்யாண கேக் மட்டும் செய்வதில்லை என்றார். கேக் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை, அதற்குள் அவர்கள் வெளியேறிவிட்டார்கள். கொலராடோவின் சட்டம் பாலியல் நாட்டத்தையும் பட்டியலில் சேர்த்திருந்தது. கூட்டாட்சிச் சட்டம் சேர்க்கவில்லை, மாநிலங்களில் ஏறக்குறைய பாதிதான் சேர்த்திருக்கின்றன. ஆகவே மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையம் கடைக்கு எதிராக முடிவெடுத்தது.

2018 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் பிலிப்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ‘கேக் கடைக்காரருக்கு மறுக்கும் உரிமை உண்டு’ என்று பல செய்தித்தாள்கள் அவசரமாகத் தலைப்புப் போட்டன. தீர்ப்பில் அப்படி இல்லை. நீதிபதி ஆண்டனி கென்னடி சொன்னது வேறு: ஆணையம் வழக்கை விசாரித்த விதம் சரியில்லை. அடிமை முறையையும் யூத இனப்படுகொலையையும் நியாயப்படுத்தவும் மதச் சுதந்திரம் பயன்பட்டிருக்கிறது என்று ஆணைய உறுப்பினர் ஒருவர் விசாரணையில் பேசியிருந்தார். போதாததற்கு, தன்பாலின ஈர்ப்பைக் கண்டிக்கும் வாசகங்களோடு கேக் கேட்ட ஒருவரை வேறு மூன்று கடைகள் மறுத்தபோது, அதே ஆணையம் அந்தக் கடைகளின் பக்கம் நின்றிருந்தது. ஒருவருடைய நம்பிக்கையைத் தீர விசாரிப்பதற்கு முன்பே இகழ்ந்துவிட்டீர்கள், அது நடுநிலை அல்ல என்பதே தீர்ப்பு. கேக் பேச்சா, பண்டமா என்ற கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

பதில் ஓரளவு வந்தது 2023 ஜூன் 30 அன்று, அதே மாநிலத்திலிருந்து. லோரி ஸ்மித் என்ற வடிவமைப்பாளர் கல்யாணங்களுக்கு இணையதளம் செய்து தரும் தொழிலைத் தொடங்க நினைத்தார். தன்பாலினத் திருமணங்களுக்குச் செய்ய மாட்டேன், அதற்காக மாநிலம் என்னைத் தண்டிக்கக் கூடாது என்று முன்கூட்டியே வழக்குப் போட்டார். அப்போது அவர் ஒரு கல்யாணத் தளம்கூடச் செய்து விற்றிருக்கவில்லை. ஓர் ஆண் இணைக்குத் தளம் வேண்டும் என்று ஒருவர் கேட்டதாகக் கோப்பில் ஒரு தாள் இருந்தது. தீர்ப்பு வரவிருந்த நேரத்தில் செய்தியாளர் ஒருவர் அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், நான் எதுவும் கேட்கவில்லையே, எனக்கு ஒரு பெண்ணோடு திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார். தீர்ப்பு அந்தத் தாளை நம்பி எழுதப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீதிபதி நீல் கோர்சச் எழுதிய 6-க்கு 3 தீர்ப்பின் சாரம்: இணையதளம் அவருடைய சொந்தச் சொல்லாலும் வடிவத்தாலும் ஆன படைப்பு, அதாவது பேச்சு. தான் நம்பாததைப் பேசும்படி அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. எதிர்த்து எழுதிய நீதிபதி சோனியா சொட்டோமயோர், பொதுமக்களுக்குத் திறந்த ஒரு வணிகம் பாதுகாக்கப்பட்ட ஒரு பிரிவினருக்குச் சேவை மறுக்க அரசியலமைப்பு உரிமை உண்டு என்று இந்த நீதிமன்றம் சொல்வது வரலாற்றிலேயே இதுதான் முதல்முறை என்றார்.

கருத்து வேறுபாடு எங்கே என்று பாருங்கள். ஆளையா, வாசகத்தையா என்ற கேள்வியை இரு தரப்பும் ஏற்கிறார்கள். ‘இன்னார் இன்னாரை மணக்கிறார், விருந்து இத்தனை மணிக்கு’ என்ற தளத்தை இரண்டு பெண்கள் கேட்டால் மறுப்பேன், ஆணும் பெண்ணும் கேட்டால் தருவேன் என்பது எந்த வகை? கோர்சச் வாசகம் என்கிறார், சொட்டோமயோர் ஆள் என்கிறார். என் சாய்வு சொட்டோமயோர் பக்கம். பெயர்களை மட்டும் மாற்றினால் மறுப்பு வருகிறது என்றால், அங்கே இடிப்பது வாசகம் அல்ல. ஆனால் இந்தத் தளங்கள் ஸ்மித்தின் கருத்து வெளிப்பாடுதான் என்று கொலராடோவே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டது. அதை ஒப்புக்கொண்ட பிறகு வெல்வது கடினம். 2013-இல் நியூ மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே மாதிரியான ஒரு புகைப்படக்காரரின் வழக்கில் எதிர்த் தீர்ப்புக் கொடுத்திருந்தது. வணிகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது குடிமகனாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை என்று அங்கே ஒரு நீதிபதி எழுதினார்.

வேறு கடை இல்லாதபோது

அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. மினியாபொலிஸ் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டுபவர்களில் சோமாலியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் பலர். கையில் மது பாட்டில் வைத்திருந்த பயணிகளை அவர்களில் சிலர் ஏற்ற மறுத்தார்கள். நள்ளிரவில் பெட்டியோடு நிற்கும் பயணிக்கு இது என்ன நியாயம்? 2007-இல் விமான நிலைய ஆணையம் முடிவெடுத்தது: முதல்முறை மறுத்தால் 30 நாள் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை என்றால் இரண்டு ஆண்டு ரத்து.

வாஷிங்டன் மாநிலம் இதைவிட நுட்பமான ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அவசரக் கருத்தடை மாத்திரையைத் தர மனசாட்சி இடம் கொடுக்காத மருந்தாளர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் கடை அதைக் கொடுத்தே ஆகவேண்டும். அதாவது வேறொரு மருந்தாளர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒலிம்பியா நகரில் மருந்துக்கடை நடத்திய ஒரு குடும்பம் எதிர்த்து வழக்காடியது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை உறுதிசெய்தது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தனிமனிதரின் மனசாட்சியையும் நிறுவனத்தின் கடமையையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஆள் நடத்தும் கடைக்கு இது உதவாது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி முதலில் சாதியாக வந்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகளுக்குள் செல்வதில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அரசை மட்டுமல்ல, தனியார் கடைக்காரரையும் கட்டுப்படுத்தும் அபூர்வமான பிரிவு இது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதன் வரம்பு பற்றிக் கேள்வி எழுந்தபோது, சேவை நாடி வரும் எவருக்கும் அதைத் தரத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம் எதுவானாலும் அது கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். முடிதிருத்தும் கடை, சலவைக் கடை எல்லாம் அதில் அடங்கும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாகவே ஆக்கியது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் வழக்கம், ஆசாரம், மனம் ஒப்பவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அமெரிக்காவில் 2023 தீர்ப்புக்குப் பிறகு வந்த வழக்குகள் எல்லை எங்கே என்று தேடுகின்றன. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 2017-இல் ஒரு பெண் இணை கேட்டது மூன்று அடுக்கு வெள்ளைக் கேக். எழுத்து இல்லை, உருவம் இல்லை. பிறந்தநாளுக்கும் அதே மாதிரி கேக்கைக் கடை விற்றுக்கொண்டுதான் இருந்தது. கல்யாணத்துக்கு என்றதும் மறுத்து, வேறு கடைக்கு அனுப்பப் பார்த்தார் உரிமையாளர். கீழ் நீதிமன்றம் 2022-இல் கடையின் பக்கம் நின்றது. 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: எல்லோருக்கும் விற்கிற இந்த வெள்ளைக் கேக் எதையும் பேசவில்லை, ஆகவே இங்கே மறுக்கப்பட்டது ஆள்தான். அதே கேக்கின் உச்சியில் ‘இத்திருமணத்தைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்’ என்று எழுதித் தரச் சொல்லியிருந்தால், 2023 தீர்ப்பின்படி கடைக்காரர் ஜெயித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.